பாம்பின் நீளம் எவ்வளவு?

கணக்கு வாத்தியாரைத் தலைமை ஆசிரியராக்குவது, கரையில் நடந்து பழகினவனை வள்ளத்தில் ஏற்றி நிற்கச் சொல்வது மாதிரி. சாக்பீஸ் பிடுங்கப்பட்டு, கையில் சாவிக்கொத்து திணிக்கப்பட்ட என் சக பாவிகளே, எழுபதுகளில் நான் பட்டதைக் கேளுங்கள்.

பயிற்சி

பதினெட்டு வருஷம் தூத்துக்குடியில் அல்ஜீப்ரா நடத்திய என்னைப் பதவி உயர்வுக்கு முன் பாளையங்கோட்டைக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அங்கே பத்துப் பேர். பத்துப் பேரும் கணக்கு. நடத்தியவர் ஓய்வுபெற்ற ஒரு தலைமை ஆசிரியர். முதல் கேள்வி: "வகுப்பில் பாம்பு புகுந்துவிட்டது. என்ன செய்வீர்கள்?"

ஒருவர் பாம்பின் நீளம் கேட்டார். இன்னொருவர் வாசலுக்கும் பாம்புக்கும் உள்ள தூரம் தரப்படவில்லை என்றார். நான் படம் போட்டு, பாம்பு இருக்கும் இடத்தை 'ப' என்று குறித்தேன். பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"பாம்பு போயி அரைமணி நேரம் ஆச்சு. நீங்க இன்னும் முதல் படியிலயே நிக்கீய."

முதல் கூட்டம்

தருவைகுளத்துக்கு வடக்கே கடலோரத்தில் ஒரு பள்ளி கிடைத்தது. பெயர் வேண்டாம். முதல் ஆசிரியர் கூட்டத்துக்குத் தையல் டீச்சர் தாமதமாக வந்தார். பழக்கதோஷம், "அங்கேயே நில்லு!" என்று கத்திவிட்டேன். அவரும் நின்றார். உட்காரச் சொல்ல மறந்து, ஒழுங்குமுறை பற்றி முக்கால் மணி நேரம் பேசினேன். எல்லோரும் ஏன் தரையைப் பார்க்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. கடைசியில், "ஏதாவது சந்தேகம் உண்டா?" என்றேன். டீச்சர் கையைத் தூக்கினார்.

"சார், நான் உக்காரட்டா, இல்ல எங்க அப்பாவைக் கூட்டிட்டு வரட்டா?"

கால அட்டவணை

மானத்தை மீட்க ஒரு கால அட்டவணை போட்டேன். ஒரே நேரத்தில் யாருக்கும் இரண்டு வகுப்பு கிடையாது. ஒரு நிமிஷம் வீணில்லை. அதை ஒட்டிவிட்டுப் பாராட்டுக்காகப் பக்கத்திலேயே நின்றேன். தமிழையா விரல் வைத்து வரிவரியாகப் படித்தார்.

"பிரமாதம் சார். மத்தியானச் சோத்துக்கு மட்டும் நேரம் விடலியே!"

ஆய்வு

எங்கள் பள்ளி ஒன்பதாம் வகுப்போடு முடிந்தது. பத்துக்கு அனுமதி வராவிட்டால் பிள்ளைகள் தூத்துக்குடிக்குப் பஸ் ஏற வேண்டும். பெண்பிள்ளைகளை ஊரில் யாரும் அனுப்பமாட்டார்கள். ஒன்பதில் முக்கால்வாசிப் பிள்ளைகளாவது வந்தால்தான் ஆய்வுக்கு வரும் அதிகாரி சிபாரிசு செய்வார்.

ஆய்வு நாளன்று காலை அவருடைய ஜீப் வந்து நின்ற நேரத்தில் பியூன் சூசை ஓடி வந்தார். "சார், கரையில சாளை மீனு குவிஞ்சு கிடக்கு. ஒம்பதாங்கிளாஸ் பூரா அங்கனதான் நிக்கு!"

வகுப்பில் மூன்று பேர் இருந்தார்கள். என்ன தைரியமோ, வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு, "வாங்க சார், வகுப்பு இன்னைக்குக் கடற்கரையில்" என்றேன். அதிகாரி பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு மணலில் நடந்து வந்தார்.

ஓலைப்பெட்டியும் மீன் செதிலுமாக நின்ற பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டேன். வகுப்புக்கே வராத பிள்ளைகள்கூட, "உள்ளேன் ஐயா" என்றார்கள். "அந்தோணி" என்றதும் இரண்டு குரல். இரண்டாவது குரல் ஒரு மீசைக்காரருடையது. வள்ளத்தை விட்டு இறங்கி வரிசையின் கடைசியில் வந்து நின்றிருந்தார்.

"இவருமா ஒன்பதாம் வகுப்பு?" என்றார் அதிகாரி. அனுமதி பிறகு வந்துவிட்டது. ஆனால் அந்த நிமிஷத்தில் எல்லாம் போயிற்று என்றுதான் நினைத்தேன். மீசைக்காரர் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"ஒம்பதோட நின்னவன்தான்யா. பத்து இங்கனயே வருதுன்னா நானும் வாரேன்."

ஒரு கணக்கு வாத்தியாரைத் தலைமை ஆசிரியராக்க ஒரு மாதப் பயிற்சி போதும். அவருக்குள் இருக்கும் கணக்கு வாத்தியாரைக் கொஞ்சம் சும்மா இருக்க வைக்கத்தான் சர்வீஸ் முழுவதும் போதவில்லை.