என் மாமியார் அழுத படம்

பாலாற்றங்கரைப் பொட்டலில் கூடாரம் போட்டுப் பேசும் படம் காட்டத் தொடங்கிய வருஷம் அது. நான் கல்யாணமாகி வாணியம்பாடிக்கு வந்து கொஞ்ச காலந்தான் ஆகியிருந்தது. புகுந்த வீட்டில் ஆவாரம்பட்டை வியாபாரம். ஆலங்காயம் காட்டுப் பக்கமிருந்து வண்டியில் வரும் பட்டையை வாங்கி, தோல் பதனிடும் ஷாப்புகளுக்கு விற்பார்கள்.

அதுவரை கூடாரத்துக்கு வந்ததெல்லாம் சாமி படங்கள். ஒரு தடவை சாமியே இல்லாத படம் ஒன்று வந்தது. கதை சின்னதுதான். ஒருவன் பெண்டாட்டிமேல் சந்தேகப்பட்டு அவளைத் துரத்திவிடுகிறான். அவள் கல் உடைத்துப் பிழைக்கிறாள். நோயில் விழுந்து, கடைசியில் மழையில் நடந்து வந்து அவன் வீட்டுக் கதவைத் தட்டுகிறாள். அவன் திறக்கவில்லை. வாசற்படியிலேயே செத்துப்போகிறாள்.

ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு அது பிடிக்கவில்லை. "பாட்டும் கம்மி, ஒரு சாமி கூட வர்ல. அவன் கதவைத் தொறந்தாத்தான் இன்னா? பேஜாரு படம்" என்று என் கணவர் சலித்துக்கொண்டார். பக்கத்து வீட்டில் உருது பேசும் அம்மாள் ஒருவர் இருந்தார். ஆபா என்று கூப்பிடுவேன். பர்தாவோடு போய்ப் பார்த்துவிட்டு வந்த அவருக்குக் கோபம் வேறு மாதிரி. "தொரத்துனவன் வாசல்லயே போய் எதுக்கும்மா சாவணும்? அவளுக்குக் கையில்லயா, காலில்லயா?" என்றார்.

என் மாமியார் முந்தானை நனைய அழுதுவிட்டு வந்தார். சோறு இறங்கவில்லை என்று தட்டைத் தள்ளினார்.

"பொம்பளன்னா அவ பொம்பள. எட்டி ஒதைச்சாலும் அந்த வாசலுக்குத்தான வந்தா? நீயும் வந்து பாருடி. பாத்துக் கத்துக்கோ" என்று மறுநாள் சாயங்காலம் என்னை அழைத்துக்கொண்டு போனார்.

பெண்கள் பக்கம் படுதா கட்டிப் பிரித்திருந்தார்கள். மணலில் உட்கார்ந்தோம். திரையில் அந்தப் பெண்ணின் முகம் வந்தது. அது என் அக்கா.

ஆம்பூரில் வந்து தங்கியிருந்த நாடகக் கம்பெனியோடு போய்விட்டவள் அவள். மறுநாள் காலையில் அப்பா அவளைத் தலைமுழுகினார். எங்கள் தெருவுக்கு உண்மை தெரியும். வெளியூருக்கு, பெரியவள் காலராவில் போய்விட்டாள் என்று சொன்னார். என்னைப் பெண் கேட்டு வந்தவர்களுக்கும் அதேதான் சொல்லப்பட்டது. நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அக்காவின் குரலைக் கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. பக்கத்தில் மாமியார் மூக்கைச் சிந்திக்கொண்டு, "பாவி, அவளைப் போய் அடிக்கிறான் பாரு" என்று முணுமுணுத்தார். எனக்கு அழவும் பயமாக இருந்தது.

இடையில் படச் சுருள் மாற்ற விளக்கைப் போட்டார்கள். முன்னால் உட்கார்ந்திருந்த ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். ஆம்பூரில் எங்கள் தெருவில் குடியிருந்தவள். கெட்ட எண்ணம் எதுவும் இல்லாதவள்.

"ஏம்மா, இது உங்கக்காதான? நாடகத்தோட போனாளே? நல்லா இருக்காளா?"

மாமியார் கன்னத்தில் பாதியில் நின்ற கண்ணீரைக் கட்டைவிரலால் துடைத்தார். விளக்கு அணைந்தது. அக்கா கதவைத் தட்டிச் செத்தபோது பெண்கள் பக்கம் முழுக்கத் தேம்பியது. மாமியார் திரையைப் பார்க்கவில்லை. இருட்டில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் உள்ளே நுழைந்தார். "நாளைக்கு உங்கப்பன் இங்க வரணும்" என்றதோடு சரி.

அப்பா ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் மேஸ்திரி. சொல்லியனுப்பியதும் ரயிலேறி வந்தார். மாமியார் அவரை உட்காரச் சொல்லவில்லை.

"உங்க பெரிய பொண்ணு காலராவுல செத்தான்னு சொன்னீங்களே சம்பந்தி?"

"ஆமாங்க."

"செத்தவ எப்பிடிங்க படத்துல வர்றா?"

"அது வேற யாரோங்க. நான் பாத்துட்டே சொல்றேன்."

அன்று சாயங்காலம் என் கணவரோடு போனார். திரும்பி வந்து கால் கழுவிக்கொண்டு, "என் மவ இல்ல" என்றார். இலை போட்டேன். ரசத்துக்குக் கையைக் குழித்துக்கொண்டே சொன்னார்: "மோசமான படம். கடைசியில அவ செத்துப்போறா பாருங்க, அது ஒண்ணுதான் சரியா எடுத்திருக்கான்."

ரசத்தை இலைக்கு வெளியே ஊற்றிவிட்டேன். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. படத்தில் கதவு திறக்காமலே இருந்தபோது உங்கப்பா தலையை ஆட்டிக்கொண்டார் என்று என் கணவர் பிறகு சொன்னார். விடிந்ததும் முதல் வண்டியில் அப்பா போய்விட்டார்.

மாமியாருக்கு அது போதவில்லை. கூட்டம் குறைந்துபோனதால் கூடாரக்காரன் அந்த நடிகையையே ஊருக்கு வரவழைப்பதாகத் தமுக்கடித்தான். அவள் வந்த அன்று மத்தியானம் மாமியார் கற்பூரத்தை மடியில் முடிந்துகொண்டு என் கையைப் பிடித்து இழுத்துப்போனார்.

கூடாரத்துக்குப் பின்னால் ஓலைக் கொட்டகையில் அக்கா ஒரு தகரப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். படத்தில் பார்த்ததைவிட மெலிவு. என்னைப் பார்த்தாள். அறிமுகம் இல்லாதவர்களைப் பார்ப்பது போலவே பார்த்தாள்.

"யாரும்மா நீங்க?"

"இவ உனக்கு யாரு, அதைச் சொல்லு" என்றார் மாமியார்.

"தெரியாதுங்க."

"ஆம்பூர் மேஸ்திரி மவ நீன்னு சொல்றாங்களே?"

"நான் தஞ்சாவூர்ப் பக்கங்க. தாய் தகப்பன் இல்ல. கூடப்பொறந்தவங்களும் இல்ல."

மாமியார் பெட்டிமேல் கற்பூரத்தை வைத்துக் கொளுத்தினார். "அப்போ அணைச்சு சத்தியம் பண்ணு."

அக்கா உள்ளங்கையைச் சுடர்மேல் அழுத்தினாள். அணைந்த பிறகும் கையை எடுக்கவில்லை.

"நல்லது" என்றார் மாமியார். "ஊர் ஊரா மூஞ்சியக் காட்டிப் பொழைக்கிற ஒனக்காகவா நான் அழுதேன்? இந்தக் கண்ணைச் சாம்பல் போட்டுத் தேய்க்கணும்."

"சரிங்கம்மா" என்றாள் அக்கா. பிறகு என்னிடம், விசேஷ வீட்டில் யாரோ யாரிடமோ கேட்பது போல, "கொழந்த இருக்காம்மா?" என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டுவதற்குள் மாமியார் என்னை வெளியே இழுத்துவிட்டார். அதற்கப்புறம் நான் அவளைப் பார்க்கவே இல்லை. ரங்கூனில் இருக்கிறாள் என்று ஒருவர் சொன்னார். தர்ம ஆஸ்பத்திரியில் செத்தாள் என்று இன்னொருவர் சொன்னார். எது நிஜம் என்று விசாரிக்க எனக்கு ஆளில்லை.

மாமியார் அந்தச் சத்தியத்தை வேண்டும்போது நம்பினார், வேண்டாதபோது விட்டார். தெருவில் யார் கேட்டாலும், "அது ஒரு படமா? அவளுக்கு அழவே தெரியல" என்பார். "நீங்க அழுதீங்களே" என்று ஆபா ஒருநாள் கேட்டதற்கு, "எண்ணெ விளக்குப் பொகை" என்றார். குழம்பில் உப்பு ஜாஸ்தியானால்கூட, "நீயும் அவளாட்டம் கதவைத் தட்டிக்கினு நிக்கப் போற பாரு" என்பார். என் கணவர் கேட்டுக்கொண்டு சாப்பிடுவார்.

படம் அடுத்து ஆம்பூருக்குப் போனது. அது அங்கே ஓடிய வரைக்கும் அப்பா சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும், அம்மாவை உள்ளே வைத்துக் கதவை வெளியே பூட்டிவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தாராம். அங்கேயும் படம் ஓடவில்லை.

ஆடிக்கு நான் ஆம்பூருக்குப் போனேன். அப்பா ஷாப்புக்குக் கிளம்பிப்போன பிறகு, முறத்தில் அரிசி வைத்துக்கொண்டிருந்த அம்மா மெல்லக் கேட்டாள்.

"எப்பிடி இருந்தா?"

"மெலிஞ்சிருந்தாம்மா."

"கதைக்காக அப்பிடிக் காட்டியிருப்பாங்க." அரிசியைக் கையால் பரப்பினாள். "அவ சாப்பிட்ற மாதிரி எங்கியாச்சும் வந்துச்சா?"

அந்தப் படத்தில் அவள் ஒரு கவளமும் சாப்பிடமாட்டாள்.

"வந்துச்சும்மா."

"இன்னா சாப்ட்டா?"

"சோறும் கருவாட்டுக் கொழம்பும்."

"மறுசோறு போட்டுக்கினாளா?"

"போட்டுக்கினா" என்றேன். அம்மா முறத்தை மடியில் இழுத்து வைத்துக் கல் பொறுக்க ஆரம்பித்தாள்.