இசக்கியம்மாள் டீச்சரின் கென்யா

போன செவ்வாய்க்கிழமை காலை பிரேயர் முடிந்து பிள்ளைகளை வரிசையாக மாடிக்கு அனுப்பிக்கொண்டிருந்தபோது பள்ளி வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. யூ.கே.ஜி. இசக்கியம்மாள் டீச்சர் விடியற்காலையில் புளியங்குடியில் தன் வீட்டில் மாரடைப்பு வந்து இறந்துவிட்டார். ஐம்பத்திரண்டு வயது. முந்தின நாள் சாயங்காலம் என் கண் முன்னால்தான் பஸ்ஸுக்குக் கிளம்பினார். வழக்கம்போல் நான் ஒரு தலையசைப்போடு நிறுத்திக்கொண்டேன்.

மத்தியானம் தாளாளர் என்னைக் கூப்பிட்டார். "இரங்கல் கூட்டத்துக்கு நீங்களே எழுதி வாசிச்சிருங்க கோமதி டீச்சர். அவங்களோட ரொம்ப வருஷம் வேலை பாத்தது நீங்கதான்" என்றார். சரி என்றேன். பதினான்கு வருடம் இதே சங்கரன்கோவிலில் ஒரே பள்ளியில் இருந்தோம் என்பது உண்மை. அதில் கடைசி ஆறு வருடம் நான் அவர் முகத்தைப் பார்த்து ஒழுங்காகப் பேசியதில்லை. காரணம் தாளாளருக்கு மறந்திருக்கலாம். எனக்கு மறக்கவில்லை. அதைச் சொல்லாமல் அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை வாசித்துவிட்டு இறங்கிப்போக எனக்கு வாய் வராது.

ஆறு வருடத்துக்கு முன்னால் மாடியில் அவர் இரண்டாம் வகுப்பு டீச்சர், நான் மூன்றாம் வகுப்பு டீச்சர். நடுவில் ஒரு தட்டிதான். அவர் பேசுவது எல்லாம் எனக்குக் கேட்கும். பொது அறிவுப் புத்தகத்தில் உலக நாடுகளுக்கு ஒரு பக்கம் உண்டு. நாடு, தலைநகர், கொடி. என் பிள்ளைகள் அதைக் கத்திக் கத்தி இரண்டே பீரியடில் முடித்துவிடுவார்கள். எனக்கு அதில் பெருமை வேறு. இசக்கியம்மாள் டீச்சர் ஒரு நாட்டுக்குப் போனால் இரண்டு வாரம் தங்கிவிடுவார். ஜப்பான் என்றால் அங்கே ஒரு வீட்டு வாசலில் என்ன செய்வார்கள், காலையில் என்ன சாப்பிடுவார்கள், பிள்ளையை எப்படிக் கூப்பிடுவார்கள் என்று ஒவ்வொன்றாகப் போகும். "ஒரு ஊருக்குப் போனா விருந்தாளியாப் போகணும் மக்கா. வேடிக்கை பாக்கப் போகக் கூடாது" என்பார். தட்டிக்கு இந்தப் பக்கம் நான் என் பிள்ளைகளைப் பார்த்து, "பக்கத்து கிளாஸ் இன்னும் ஜப்பான்லதான் இருக்கு, விசா முடியல போலுக்கு" என்று கேலி பேசியிருக்கிறேன்.

அவர் வகுப்பில் ஒரு சட்டம் இருந்தது. யாருடைய சாப்பாட்டைப் பற்றியும் 'ஐய' என்று சொல்லக் கூடாது. வாய் தவறிச் சொல்லிவிட்டால், தன் வீட்டில் தின்பதில் வெளியூர்க்காரர்கள் 'ஐய' சொல்லக்கூடிய ஒன்றை எழுந்து நின்று சொல்ல வேண்டும். ஒருநாள் ஒரு பையன், "ஐய, மீனைப் பச்சையாவா திங்காங்க?" என்று கேட்டு மாட்டிக்கொண்டான். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "எங்க வீட்டுல கருவாடு டீச்சர். நாறும். ஆனா எனக்குப் பிடிக்கும்" என்றான். "அவங்களுக்கும் அப்படித்தாம்லே. உக்காரு" என்றார். அன்றைக்கு நானும் சிரித்தேன். அது கேலிச் சிரிப்பு இல்லை.

கென்யா வந்த கதை உங்களில் சில பெற்றோருக்கு நினைவிருக்கும். வகுப்பில் ஒரு பிள்ளையின் அப்பா கத்தாரில் டிரைவராக இருந்தார். அவர் அறையில் கூட இருந்தவர் ஜோசப் என்ற கென்யாக்காரர். டீச்சர் அந்த அப்பாவுக்குச் சொல்லி, ஜோசப்பிடம் கேட்டு வாய்ஸ் மெசேஜ் அனுப்ப வைத்தார். ஜோசப் ஆங்கிலத்தில் பேச, அந்த அப்பா பக்கத்திலிருந்து தமிழில் சொல்வார். ஜோசப்பின் மகளும் இரண்டாம் வகுப்பு. பச்சை ஸ்வெட்டர் யூனிபார்ம். கணக்கு வராது. மழை வந்தால் ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போவாள். இரண்டு வாரம் தினமும் காலையில் அந்தக் குரலுக்காக வகுப்பே மூச்சுவிடாமல் இருக்கும். "ஜோசப் மாமா மகளுக்கு இன்னைக்குக் கணக்குப் பரீட்சை" என்று என் வகுப்புப் பிள்ளைகள்கூடப் பேசிக்கொண்டார்கள்.

அந்த வருட ஆண்டு விழா என் பொறுப்பு. 'உலகம் சுற்றுவோம்' என்று ஒரு நடனம் வைத்தேன். ஆப்பிரிக்காவுக்கு என்ன செய்வது என்று நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. முகத்தில் கரிமை, இடுப்பில் இலை, கையில் அட்டை ஈட்டி, நடுநடுவே ஒரு கூச்சல். இரண்டாம் வகுப்பிலிருந்து எட்டுப் பிள்ளைகளைப் பொறுக்கினேன். ஒத்திகைக்கு மை பூசும்போது, அவர்களில் பேச்சி என்ற பிள்ளையின் முறை வந்ததும் மை டப்பாவை மூடிவிட்டு, "இவளுக்கு மையே வேண்டாம்" என்றேன். டீச்சர்மார் சிரித்தார்கள். பிள்ளைகளும் சிரித்தார்கள். பேச்சியும் சிரித்தாள் என்றுதான் இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் சிரிக்கவில்லை.

ஒத்திகையைப் பார்த்துவிட்டு இசக்கியம்மாள் டீச்சர் எல்லார் முன்னாலும் என்னிடம் வந்தார். குரல் உயரவில்லை. "அங்க ஒரு பிள்ளை யூனிபார்ம் போட்டு ஸ்கூலுக்குப் போவுதுன்னு இவங்களுக்குத் தெரியும் டீச்சர். தெரிஞ்ச பிள்ளைகளுக்கு நீங்க பொய் சொல்லிக் குடுக்கிய" என்றார். "டான்ஸுன்னா அப்படித்தான் இருக்கும். பாடத்தை நீங்க பாருங்க, மேடையை நான் பாக்கேன்" என்றேன். அப்படியே மேடையேற்றினேன். கைதட்டல் நிறைய வந்தது.

நடனம் முடிந்து மேடைக்குப் பின்னால் போனேன். டீச்சர் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து தேங்காய் எண்ணெயும் துணியுமாகப் பிள்ளைகளின் மையைத் துடைத்துக்கொண்டிருந்தார். வரிசையின் கடைசியில் பேச்சி நின்றாள், மை பூசாத முகத்தோடு. அவள் முறை வந்ததும் முகத்தைத் தூக்கிக் காட்டினாள். "எனக்கும் தொடைச்சு விடுங்க டீச்சர். போயிருமா?" என்று கேட்டாள்.

டீச்சர் துணியைக் கீழே வைத்துவிட்டு வெறுங்கையால் அவள் இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டார். "போக வேண்டியது இதுல ஒண்ணும் இல்ல மக்கா. இது ஒன் மூஞ்சி" என்றார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் அடுத்த நிகழ்ச்சியை அறிவிக்கப் போய்விட்டேன். பேச்சி இப்போது வேறு பள்ளியில் எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். இதைச் சொல்லலாமா என்று நேற்று அவள் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "சொல்லுங்க டீச்சர். இசக்கி டீச்சர் செஞ்சதையும் சேத்துச் சொல்லுங்க" என்றாள். என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை. அது சரிதான்.

தப்பு செய்தது தெரிந்தால் மன்னிப்புக் கேட்கத் தோன்ற வேண்டும். எனக்குக் கோபம் வந்தது. அந்தப் பார்வையை எதிரில் வைத்துக்கொண்டு தினமும் வேலை பார்க்க என்னால் முடியவில்லை. மறுவாரமே தாளாளரிடம் போனேன். இசக்கியம்மாள் டீச்சர் பாடத்தை முடிப்பதில்லை, அவர் பிள்ளைகளுக்கு ஒரு தலைநகர்கூடத் தெரியாது, பெற்றோர் குறைபட்டுக்கொள்கிறார்கள் என்றேன். முதல் இரண்டும் பாதி உண்மை. மூன்றாவது முழுப் பொய். யாரும் என்னிடம் குறை சொல்லவில்லை. வருட நடுவிலேயே அவரைக் கீழே யூ.கே.ஜி.க்கு மாற்றினார்கள். இரண்டாம் வகுப்பை எனக்குக் கொடுத்தார்கள்.

ஏன் என்று அவர் யாரிடமும் கேட்கவில்லை. வகுப்பை ஒப்படைக்கும்போது என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னார். "ரெண்டாவது பெஞ்சுல மகேஷுக்கு வலது காது கொஞ்சம் மந்தம் டீச்சர். எடது பக்கமா நின்னு சொல்லுங்க." எனக்குத் தெரியும் என்றேன். தெரியாது. ஒரு மாதம் கழித்து அந்த வகுப்பில் ஒரு பிள்ளை, "ஜோசப் மாமா வாய்ஸ் எப்ப டீச்சர் போடுவீங்க?" என்று கேட்டது. அது சிலபஸில் இல்லை என்று சொல்லிவிட்டேன். அதன் பிறகு யாரும் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் புளியங்குடிக்குப் போனேன். அவர் கணவர் எலுமிச்சை மண்டியில் வேலை பார்ப்பவர். அதுவரை அவரிடம் நான் பேசியதில்லை. என் பெயரைச் சொன்னதும் எழுந்து கையெடுத்துக் கும்பிட்டார்.

"கோமதி டீச்சரா? ஒங்களப் பத்தி அடிக்கடி சொல்லுவா. மாடி ஏற முடியலன்னு அவ கேட்டதுக்கு, நீங்கதான் தாளாளர்ட்ட பேசி கீழ கிளாஸ் வாங்கிக் குடுத்தியளாம். அந்த ஒதவிய மறக்கவே இல்ல அவ" என்றார்.

வகுப்பைப் பிடுங்கிவிட்டார்கள் என்று வீட்டில் சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்ததா, கணவர் பள்ளிக்கு வந்து சண்டை போடுவார் என்று பயந்தாரா, இல்லை என்னைத்தான் காப்பாற்றினாரா என்று இன்றுவரை தெரியவில்லை. உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் எனக்கு வாய்த்திருக்காது. நான் தலையாட்டினேன். கணவர் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து, டீச்சரின் தலைமாட்டுக்குப் பக்கத்திலேயே போட்டார். அதிலும் உட்கார்ந்தேன்.

அண்ணாச்சி, இதை வாசிக்கும்போது நீங்கள் முன்வரிசையில் இருப்பீர்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். உங்கள் மனைவி கீழே மாற்றச் சொல்லிக் கேட்கவில்லை. அவருக்கு மாடி ஏற முடியாமல் இல்லை. நான் அவரைப் பற்றிப் பொய் சொன்னேன். நீங்கள் என்னைக் கும்பிட்டதைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்.

போனவர்களின் நினைவாக எதையாவது வைத்திருப்பதைச் சொல்லி முடிப்பது வழக்கம். இசக்கியம்மாள் டீச்சருடையது என்று என்னிடம் இருப்பது இரண்டாம் வகுப்பு. அவர் தந்ததில்லை, நானே எடுத்துக்கொண்டது. நாளைக்கு முதல் பீரியட் அங்கே நாடுகள் பாடம். இந்த முறை கத்த வைக்கக் கூடாது, விருந்தாளிகளாகக் கூட்டிப் போக வேண்டும் என்று இருக்கிறேன். எங்கே தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. ஆறு வருடம் அவர் பத்துப் படிக்குக் கீழேதான் இருந்தார். நான் ஒருநாளும் இறங்கிப் போய்க் கேட்கவில்லை.