ஏழாம் தாளில் நான் மாற்றிய சொல்

1. வெள்ளிக்கிழமை, பத்தேகால் மணி

கிண்ணியாவில் படிப்பித்துக்கொண்டிருந்த ஜெமீலா ரீச்சர், வலக்கையில் வெள்ளைச் சீலைத் துண்டைச் சுற்றிக்கொண்டு எங்கள் கந்தோருக்குள் வந்தபோது நேரம் பத்தேகால். நேரத்தைக் குறித்து வைப்பது என் பழக்கம். அந்த ஆண்டின் குறிப்புப் புத்தகத்தைக் கறையான் அரித்துவிட்டது. ஆகவே ஆண்டைத் துணிந்து எழுதமாட்டேன். எழுபதுகளின் நடுப்பகுதி, கடையில் குளிக்கவும் துவைக்கவும் சவர்க்காரம் கிடைக்காத காலம் என்பது மட்டும் நிச்சயம். கிழமையும் மணியும் வேறொரு துண்டுத் தாளில் இருந்தபடியால் தப்பின.

நான் அப்போது திருகோணமலையில் ஒரு கல்விக் கந்தோரில் தட்டெழுத்தாளர். ஸ்டென்சில் வெட்டுவதும் ரோணியோ மெஷினில் படி எடுப்பதும் என் வேலை. விஞ்ஞான ஆலோசகர் நடராசா மாஸ்டர், ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய பரிசோதனைகளைக் கையால் எழுதித் தருவார். இரண்டு வாரத்துக்கு ஒரு தாள். தண்ணீரில் மிதக்கும் ஊசி, கவிழ்த்தாலும் சிந்தாத கோப்பை, தும்புத்தடிக் குச்சியில் செய்த தராசு என்று ஆறு தாள்கள் போய்விட்டன. ஏழாவது, தானே ஊதும் பை. போத்தலில் தேசிக்காய், அதாவது எலுமிச்சை, பிழிந்த சாறு, அதற்குள் இரண்டு தேக்கரண்டி சோடா, வாயில் கட்டிய பொலித்தீன் பை. அவ்வளவுதான்.

ஜெமீலா ரீச்சர் இடமாற்றக் கடிதம் ஒன்றைப் பற்றி விசாரிக்க வந்திருந்தார். கையில் என்ன என்று கேட்டேன்.

"சோடா பட்டுட்டு மிஸ். நேத்து வீட்டில சவர்க்காரம் காய்ச்சினம்."

"எந்தச் சோடா?"

"சோடாதான். எங்கட ஊரில இப்ப எல்லா வீட்டிலயும் அதுதானே. தேங்காயெண்ணெயில போட்டுக் காய்ச்சிறது."

"அப்பத்துக்குப் போடுறது?"

"அது அப்பச்சோடா" என்றார், சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல.

மேசை இழுப்பறையைத் திறந்து மாஸ்டரின் கையெழுத்துப் பிரதியை எடுத்தேன். அவருடைய சாய்ந்த எழுத்தில் தெளிவாக இருந்தது: அப்பச்சோடா. நான் வெட்டிய ஸ்டென்சிலில் இருந்தது: சோடாத்தூள்.

2. ஏன் மாற்றினேன்

இதை மறைக்காமல் எழுதவேண்டும். நான் நிறைய வாசிப்பவள். எழுத்துப் பிழை கண்டால் கை சும்மா இருக்காது. மாஸ்டரின் பிரதிகளில் சந்திப் பிழை திருத்துவேன். அவரும் நன்றி சொல்வார். அந்தத் துணிவில் சொற்களிலும் கை வைக்கத் தொடங்கினேன். விஞ்ஞானத் தாளில் அப்பம் என்ற சொல் வருவது எனக்கு மரியாதைக் குறைவாகப் பட்டது. குசினிக் கதை அடுப்படியிலேயே இருக்கட்டும் என்று நினைத்தேன். அவரைக் கேட்கவில்லை. கேட்கவேண்டிய விஷயம் என்றே தோன்றவில்லை.

அதே பந்தியில் இன்னும் இரண்டு வரிகள் இருந்தன. "கட்டி பட்டிருந்தால் விரலால் நசுக்குக." அதன் கீழே, "உள்ளே என்ன நடக்கிறது என்று மேலிருந்து உற்றுப் பார்." அப்பச்சோடாவுக்கு இரண்டும் சரி. சவர்க்காரச் சோடா தோலைத் தின்னும். சாற்றோடு சேர்ந்தால் கொதித்துத் தெறிக்கும். மேலிருந்து உற்றுப் பார்க்கும் பிள்ளைக்குக் கண் போய்விடும்.

பிள்ளைகளுக்குத் தாள் எப்போது கொடுத்தீர்கள் என்று ரீச்சரைக் கேட்டேன். நேற்று, வியாழன், கடைசிப் பாடத்தில் என்றார். நாற்பத்தொரு பிள்ளைகள். மற்றப் பாடசாலைகளுக்கான கட்டுகள் இன்னும் என் மேசையடியில்தான் கிடந்தன. முஸ்லிம் பாடசாலைகளுக்கு வெள்ளியும் சனியும் லீவு. அதாவது பிள்ளைகள் அன்று வீட்டில் இருந்தார்கள்.

நடராசா மாஸ்டர் இறக்கக்கண்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம் பார்க்கப் போயிருந்தார். தலைமை எழுத்தரிடம் அரைநாள் லீவு கேட்டேன். அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"ஒரு சொல்லுக்காகவா தங்கச்சி கிண்ணியாவுக்குப் போறீர்? பள்ளிக்கூட அதிபருக்குத் தந்தி அடியும்."

பள்ளிக்கூடம் பூட்டு என்றேன். அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை அடிக்கலாம் என்றார். நான் கைப்பையை எடுத்துக்கொண்டேன். லீவுத் தாள் நிரப்பினேனா என்று இன்றுவரை நினைவில்லை. எனக்கு அப்படி மறந்தது அந்த ஒருமுறைதான்.

3. பாதை அக்கரையில்

பத்து ஐம்பது பஸ். வழியில் இரண்டு இடத்தில் ஆட்களை ஏற்ற நின்றது. இரண்டு தரமும் நான் எழும்பி நின்றேன். ரீச்சர் என் சீலையைப் பிடித்து இருத்தினார். பிள்ளைகள் பெரும்பாலும் ஜும்மாத் தொழுகைக்குப் பிறகுதான் விளையாட்டைத் தொடங்குவார்கள் என்று ஆறுதல் சொன்னார். பிறகு அவரே, பெண்பிள்ளைகள் அப்படியில்லை, காலையிலேயே தொடங்கிவிடுவார்கள் என்றார்.

துறையில் இறங்கும்போது பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம். பாதை அக்கரையில் கட்டியிருந்தது. வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றிக் கடக்கும் அந்த மிதவையைத்தான் எங்கள் பக்கத்தில் பாதை என்போம். வெள்ளிக்கிழமை ஜும்மா முடியும்வரை அது வராது என்பது ரீச்சருக்கும் தெரியும். அவசரத்தில் அவரும் மறந்துபோனார்.

கரையில் ஒரு தோணிக்காரர் வலைக் கயிற்றைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். ஏற்றிப் போகச் சொல்லிக் கெஞ்சினோம். என்ன அவசரம் என்று கேட்டார். ரீச்சர் விளக்கினார்.

"அப்பச்சோடாவெண்டு எழுதத் தெரியாமலா கந்தோரில கதிரை போட்டுத் தந்திருக்கினம்?" என்றார் அவர். தோணியைத் தள்ளிக்கொண்டேதான் சொன்னார். கடக்கும்போது ரீச்சர் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, வகுப்புப் பிள்ளைகளின் பெயரை வருகை இடாப்பு வரிசையில் முணுமுணுத்தபடி இருந்தார்; நான் அவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டேன்.

4. வீடு வீடாக

ஆண்கள் எல்லோரும் பள்ளிவாசலில். ஒழுங்கைகள் வெறிச்சோடியிருந்தன. வேலிக்கு வெளியே நின்று ரீச்சர் கூப்பிடுவார்; பிள்ளையோ தாயோ வந்தால் தாளைக் கேட்டு வாங்குவார்; நான் பென்சிலால் பெயருக்கு நேரே கோடு போடுவேன். மூன்று வீட்டில் தாளில் கடலை சுற்றியாயிற்று. ஒரு வீட்டில் அதை அடுப்பு மூட்ட எடுத்துவிட்டார்கள். என் எழுத்து எரிந்ததற்காக நான் சந்தோஷப்பட்டது அன்றுதான்.

ஒரு தாய் எங்களை விடவில்லை. கந்தோரிலிருந்து ஆள் வந்து பாடத் தாளைப் பறித்துப் போவது எங்கே நடக்கிற காரியம், மகள் ஏதும் பிழை விட்டாளா என்று கேட்டார். பிழை என்னுடையது என்றேன். அவர் நம்பவில்லை. கந்தோர் பிழை விட்டால் ஆள் அனுப்பமாட்டார்கள், கடிதம்தான் வரும் என்றார்.

இருபத்தாறாவது பெயர் பரீதா. வீட்டுப் பின்பக்கம், குசினி வாசலில் அவள் குந்தியிருந்தாள். முன்னால் ஒரு போத்தல், பாதிவரை தேசிக்காய்ச் சாறு. கழுத்தில் கட்டத் தயாராகப் பையும் நூலும். ஒரு சிரட்டைக்குள் வெள்ளைக் கட்டிகள். அருகே தாள், காற்றில் பறக்காமல் கல் வைத்தபடி. வலக்கையை அவள் முதுகுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள். இடக்கையில் தேக்கரண்டி.

ரீச்சர் சிரட்டையைத் தட்டிவிட்டு அவளைக் கிணற்றடிக்கு இழுத்துப்போனார். வாளி வாளியாக அள்ளி ஊற்றினோம். கட்டுப்போட்ட கையோடு ரீச்சர் அள்ள, நான் பிள்ளையின் கையைப் பிடித்திருந்தேன். பெருவிரலும் சுட்டுவிரலும் வெளிறி, வழுவழுத்து, ஓரம் சிவந்திருந்தன. தாய் தேங்காயெண்ணெய்ப் போத்தலோடு ஓடிவந்தார். ரீச்சர் தடுத்துவிட்டார். இன்னும் தண்ணீர், இன்னும் தண்ணீர் என்றார்.

பிள்ளை அழவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. எரிந்தவுடன் ஏன் விடவில்லை என்று கேட்டேன்.

"தாளில நசுக்கச் சொல்லி இரிந்திச்சி" என்றாள். "எரிஞ்சிச்சி. நான் நசுக்கிற விதம்தான் சரியில்லையாக்கும் எண்டு நினைச்சன். அதான் கரண்டியால போடப் போனன்."

தாய் அவள் தலையில் ஒரு குட்டு வைத்தார். "சோடா கையில பட்டா எரியுமெண்டு உனக்குத் தெரியாதா புள்ள? நானும் நீயும்தானே காய்ச்சினம்?"

"தெரியும் உம்மா. ஆனா இது அச்சில இரிக்கே."

மீதிப் பதினைந்து வீடும் முடிய மூன்றே முக்கால் ஆயிற்று. வேறு யாரும் தொட்டிருக்கவில்லை. போகும் வழியில் மருந்துக்காரர் ஒருவரைப் பரீதாவின் வீட்டுக்கு அனுப்பினோம். விரல்கள் ஆறிவிடும், தழும்பு இருக்கும் என்று அவர் சொன்னதாக ரீச்சர் பிறகு எழுதினார்.

5. திங்கட்கிழமை

நடராசா மாஸ்டரிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் சத்தம் போடுவார் என்று தயாராகப் போயிருந்தேன். அவர் தன் பிரதியையும் என் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"நசுக்கச் சொல்லி எழுதினது நான்" என்றார். "எரிஞ்சால் விடச் சொல்லி எழுதாததும் நான்."

அது பெருந்தன்மையா, என்னைக் கூடுதலாகச் சுடுவதற்கா என்று எனக்கு விளங்கவில்லை. தன்னிடம் கேட்காமல் இனி ஒரு எழுத்தும் மாற்றவேண்டாம் என்றார். ஓம் என்றேன்.

மாற்றவில்லை. ஆனால் எட்டாம் தாளிலிருந்து ஒரு வேலை கூடிற்று. ஸ்டென்சில் வெட்டுமுன் பிரதியை லிங்கநகரில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுபோய், பக்கத்து வீட்டுப் பெண்களில் ஒருவருக்கு வாசித்துக் காட்டி, அதில் சொன்ன சாமானை எடுத்து வரச் சொல்வேன். எதை எடுத்து வருகிறார் என்று பார்ப்பேன். வேறொன்றை எடுத்து வந்தால் பிழை அவரில் இல்லை, சொல்லில். தாள் போகும் ஊர்களிலிருந்து கந்தோருக்கு வரும் ஆசிரியர்களையும் அப்படியே மறித்துக் கேட்பேன். சிலர் எரிச்சல்பட்டார்கள்.

தாளின் அடியில் ஒரு வரியும் சேர்த்தோம். மாஸ்டர் எழுதினார், நான் வெட்டினேன். தலைமை எழுத்தர் அதைக் கண்டு, அரசாங்கத் தாளில் இப்படிப் போட ஏலாது, பிள்ளைகள் மதிக்கமாட்டார்கள் என்றார். மேலிடத்துக்குக் கடிதமும் எழுதினார். பதில் வரவில்லை. பதில் வரும்வரை நாங்கள் போட்டுக்கொண்டே இருந்தோம். நான் அந்தக் கந்தோரை விட்டுப் போகும்வரை பதில் வரவே இல்லை.

பரிசோதனைக் குறிப்பு எழுதப்போகும் இளையவர்கள் கேட்டால் நான் சொல்வது அந்த ஒரு வரியைத்தான்:

"கை எரிந்தால் உடனே விட்டுவிட்டுத் தண்ணீரில் கழுவு. நீ செய்தது சரியாக இருக்கலாம். தாள் பிழையாக இருக்கலாம்."