கரீம் பாய் எனக்குச் சொல்லாத செய்தி

கரீம் பாய் இறந்துபோன செய்தி எனக்கு இரண்டு நாள் தாமதமாகத்தான் தெரிந்தது. பாரூரிலிருந்து நீங்கள் போட்ட கார்டு செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டதாம். என் கணவர் அதைச் சட்டைப்பையில் வைத்திருந்து வியாழக்கிழமை கொடுத்தார். "குழந்தைக்கு ஜுரம். நீ ஏற்கெனவே பயந்துபோய் இருந்தே. அதான்..." என்றார். அழுவதா, சண்டை போடுவதா என்று எனக்குப் புரியவில்லை. அந்த இரண்டு நாளும் அவர் முகத்தில் ஏதோ இருப்பதைப் பார்த்து, டாக்டர் குழந்தையைப் பற்றித் தனியாக ஏதோ சொல்லியிருக்கிறார் என்றே நினைத்து நான் பாதி செத்திருந்தேன்.

முகத்தைப் பார்க்கும் இந்தப் பழக்கம் எனக்குப் பாயால் வந்தது. அதைப் பாரூர்க்காரர்களான உங்களிடம்தான் சொல்ல முடியும். அன்று நீங்களும் அங்கே இருந்தீர்கள்.

பாரூர் ஏரிப் பக்கத்தில் அவரை அறியாதவர் யார்? பகலில் புளி வியாபாரம், மாலை ஆறரைக்குப் பஞ்சாயத்து ரேடியோ. பெட்டியின் சாவி அவர் இடுப்பில்தான் இருக்கும். மெட்ராஸ் செய்தி முடிந்ததும் சத்தத்தைக் குறைத்துவிட்டு, அந்தத் தமிழ் பிடிபடாதவர்களுக்கு முதலில் தெலுங்கிலும் பிறகு கன்னடத்திலும் அதைத் திருப்பிச் சொல்வார். கிராம சேவகரின் மனைவியாகத் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த எனக்குத் தமிழும் இங்கிலீஷும்தான் தெரியும். பி.ஏ. படித்தவள் என்று என்னை 'பீயே அம்மா' என நீங்கள் கூப்பிட்டதில் கொஞ்சம் பெருமை கூட இருந்தது எனக்கு.

மழை பொய்த்த வருஷம் ஒரு பண்ணைக்காரர் அவரைச் சீண்டினார். "ஏன் பாய், நாளைக்கு மழைன்னு சும்மா ஒரு வார்த்தை சொன்னா வாய் வலிக்குதா?"

"பொட்டி சொன்னாத்தாங்க நான் சொல்லுவேன். மழை வேணும்னா ஆண்டவனுக்கு ஒரு காயிதம் போடுங்க, ஸ்டாம்பு நான் வாங்கித் தர்றேன்."

கூட்டமே சிரித்தது. கேட்டதில் ஒரு சொல் கூட்டமாட்டார், குறைக்கமாட்டார். அதனால்தான் அந்த ஒரு மாலை இன்னும் எனக்குப் பிடிபடாமலே இருக்கிறது.

அப்போது எனக்கு ஏழு மாதம். மெட்ராஸில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்த கணவர், அன்றைய ரயிலில் சாமல்பட்டிக்கு வந்து இறங்க வேண்டும். மழை பிடித்துக்கொண்டு ரேடியோவில் ஒரே இரைச்சல். பாய் பெட்டியில் காதை ஒட்டவைத்துக் கேட்டார். பிறகு நிமிர்ந்து தெலுங்கில் சொன்னார், வழக்கத்தைவிடச் சுருக்கமாக. நீங்கள் அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள்.

"என்ன பாய், என்ன சொன்னாங்க?"

"மழைதாம்மா. அந்தப் பக்கம் நல்ல மழையாம். வண்டி லேட்டாகும்போல இருக்குது. நீங்க சாப்பிட்டுப் படுங்க."

பக்கத்து வீட்டு ராமக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இடி இடிச்சா எனக்குத் தனியாப் படுக்கப் பயம்மா. இன்னிக்கு உங்க ஊட்லயே படுத்துக்கறேன்." ராமக்காவுக்கு ஆறு பிள்ளைகள். அவள் எப்போது தனியாகப் படுத்தாள் என்று யோசிக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. நன்றாகத் தூங்கினேன். இரண்டு பேர் அந்த மழையில் சைக்கிளில் சாமல்பட்டி ஸ்டேஷனுக்குப் போய் விசாரித்தது எனக்குத் தெரியாது.

மறுநாள் மத்தியானம் என் கணவர் முழங்கையில் கட்டோடு லாரியிலிருந்து இறங்கினார். "ரயில் தடம் புரண்டுடுச்சு. ரேடியோவுலயே சொன்னாங்களாமே, நீ கேக்கலியா?" என்றார். ஊரில் தெரியாதவள் பி.ஏ. படித்த நான் ஒருத்திதான்.

நேரே பாயிடம் போனேன். "எனக்கு ஏன் சொல்லலை?"

"ஒரே இரைச்சல்மா. சரியாக் கேக்காத சேதிய எப்படிச் சொல்றது?"

"மத்தவங்களுக்கு மட்டும் சொன்னீங்களே?"

துணியை எடுத்துப் பெட்டியைத் துடைக்க ஆரம்பித்தார். "அவங்க ஊட்டுக்காரரு அந்த வண்டியில வரலியேம்மா."

 அவர் எனக்கு ஒரு ராத்திரித் தூக்கத்தைக் கொடுத்தாரா, எனக்கு உரியதை எடுத்துக்கொண்டாரா? கொஞ்ச நாள் ரேடியோப் பக்கமே போகவில்லை. ராமக்காவிடம் வீம்பாகத் தெலுங்கு கற்றுக்கொண்டு மறுபடி அங்கே போனேன். அது அவருக்கு எப்படித் தெரிந்ததோ! அதன்பின், நாங்கள் கிருஷ்ணகிரிக்கு மாற்றலாகிப் போகும்வரை, தெலுங்கில் செய்தி சொல்லி முடித்ததும் கூட்டத்துக்கு நடுவில் என்னைத் தேடிக் கேட்பார்: "சரியாச் சொன்னேனாம்மா?"

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தக் கேள்விதான். நேற்று ஆஸ்பத்திரி வாசலில் என் மகள் என் புடவையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "ஊசி வலிக்குமாம்மா?" என்றாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லடி கண்ணு, வலிக்காது" என்றேன்.

பாய், நான் சரியாகச் சொன்னேனா?