ஈரம் காய்வதற்குள்

யாரோடு பேச நின்றாலும் பெயிண்டர் வலது காலை இடது காலுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்வார். தெருவில் அவருக்குக் கொக்கு என்றே பெயர். வலி என்று நினைத்துப் பரிதாபப்பட்டவர்கள் உண்டு. வலி இருந்தது உண்மைதான். ஆனால் ஆபரேஷன் செய்த டாக்டரம்மா எதிரே வந்தால் அந்தக் கால் இன்னும் கொஞ்சம் உள்ளே போகும். பல வருடங்களாக அதைக் கவனித்தவள் அவர் மனைவி ஒருத்திதான்.

முன்பொரு நாள் ஏணி சரிந்து விழுந்ததில் அவருடைய கணுக்காலில் குருத்தெலும்பு, அடியிலிருந்த எலும்போடு பெயர்ந்துவிட்டது. டாக்டரம்மா சின்ன வயதுக்காரர், பொறுமையாக விளக்கினார்.

"முழங்கால்ல பாரம் விழாத ஓரத்துலேருந்து குருத்தெலும்போட ஒரு துண்டு எலும்பு எடுத்து, இந்தப் பள்ளத்துல பொருத்திடுவேன்."

"செவத்துப் பள்ளத்துல பட்டி பார்க்கிற மாதிரிங்களா?"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "அதேதான். ஆனா இது உயிரோட ஒட்டணும். நான் சொல்ற வரைக்கும் காலை ஊனவே கூடாது."

"பட்டி காயாம பெயிண்ட் அடிக்கிற ஆள் நான் இல்லீங்க" என்றார் பெருமையாக.

அறுவை சிகிச்சை நன்றாகவே முடிந்தது. நலம் விசாரிக்க வருகிறவர்கள் அழுக்குச் சுவரைப் பார்க்கிறார்களே என்று, மனைவியின் தம்பி கூடத்துக்குப் பெயிண்ட் அடிக்க வந்தான். பாதிச் சுவரில் போன் வர, பேசிக்கொண்டே தெருவுக்குப் போய்விட்டான். மனைவி கடைக்குப் போயிருந்தாள். கட்டிலில் கிடந்தவரின் கண்ணெதிரே பெயிண்டின் ஓரம் காய்ந்துகொண்டு வந்தது. காய்ந்த பிறகு சேர்த்தால் கோடு விழும்.

"டேய் மச்சான்!" என்று கத்திப் பார்த்தார். பதில் இல்லை. ஊன்றுகோலை விட்டுவிட்டு ஸ்டூலில் ஏறி, இரண்டு காலையும் ஊன்றி நின்று, ரோலரை இழுத்தார். கோடு விழவில்லை. கணுக்காலுக்குள் ஏதோ நழுவியது.

திரும்பி வந்த மனைவி அவர் கையிலிருந்த பெயிண்டைப் பார்த்தாள். "என்ன மனுஷன்யா நீங்க! ஒரு செவத்துக்காகவா?"

"டாக்டரம்மாகிட்ட நானே சொல்லிக்கிறேன். நீ வாயைத் தொறக்காதே."

ஸ்கேனை வெகுநேரம் பார்த்த டாக்டரம்மாவின் முகம் வாடிப்போனது. "துண்டு நகர்ந்திருக்கு. நான் இன்னும் இறுக்கமா பொருத்தியிருக்கணும். என் தப்புதான்."

மனைவி பெயிண்டரின் விலாவில் இடித்தாள்.

"இல்லீங்கம்மா..."

"சொல்லுங்க."

"என் நேரம் சரியில்லீங்க."

வெளியே வந்ததும் மனைவி கேட்டாள்: "நேரமா ஸ்டூல் மேல ஏறிச்சு?"

பிறகொரு நாள் ஆஸ்பத்திரியில் காத்திருந்தபோது, அதே காயத்தோடு வந்த ஒரு பஸ் டிரைவரை வேறு ஊருக்கு அனுப்பினார்கள். "டாக்டரம்மா இப்ப இந்த ஆபரேஷன் பண்றதில்லீங்க" என்றாள் நர்ஸ். ஏன் என்று பெயிண்டருக்குப் புரிந்தது. அப்போதும் எழுந்து உள்ளே போகவில்லை.

அதற்குப் பதிலாக டாக்டரம்மாவின் அறைக்குக் கூலி வாங்காமல் பெயிண்ட் அடிக்கப் போனார். டீயோடு வந்த டாக்டரம்மா அவர் காலையே பார்த்தார்.

"உங்க காலைப் பார்த்தாலே எனக்குக் குற்ற உணர்ச்சியா இருக்கு."

அவர் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். "பேசினா ஈரம் காஞ்சிடும்ங்க. முடிச்சிட்டுச் சொல்றேன்."

முடித்தபோது டாக்டரம்மா நோயாளிகளைப் பார்க்கப் போயிருந்தார். இவர் ஏணியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

அவர் மாரடைப்பில் போன பிறகு, மனைவி ஒருமுறை உண்மையைச் சொல்ல ஆஸ்பத்திரி வாசல் வரை போனாள். செத்த மனுஷனின் மானம் நினைவுக்கு வர, திரும்பிவிட்டாள். கணுக்கால் குருத்தெலும்பு பெயர்ந்து வருகிறவர்களை டாக்டரம்மா இன்றும் வேறு ஊருக்குத்தான் அனுப்புகிறார்.