கடலில்தான் விழும்

எங்கள் சயின்ஸ் சார் சொன்ன ஒரு வார்த்தையில் தேவாலா டீ எஸ்டேட்டில் எல்லோருக்கும் உயிர் வந்தது. என் அம்மாவுக்கு மட்டும் போனது. சார் நல்ல மனிதர்தான். ஆனாலும் அவரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

இலங்கையிலிருந்து வந்து எங்களுக்கு ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நானும் அம்மாவும் மட்டும்தான். அப்பா அங்கேயே செத்துப்போயிருந்தார். அண்ணனுக்கு அந்த நாட்டுக் குடியுரிமை கொடுத்துவிட்டார்கள், அவன் வர முடியாது. அக்காவுக்குப் புருஷன் வீட்டோடு தனிப் பேப்பர். ஒரு வயிற்றில் பிறந்தவர்களை இப்படிப் பிரித்துப்போட்ட மகராசன் எவனோ, நன்றாக இருக்கட்டும். கடைசியில் அக்காவும் அத்தானும் கைக்குழந்தையோடு கப்பலேற நாள் குறித்தார்கள். தலைமன்னார் வரை கூடவே வந்து ஏற்றிவிடுவதாக அண்ணன் எழுதியிருந்தான். அதே வாரத்தில்தான் ஸ்கைலாப் விழும் என்று ரேடியோ சொல்லிக்கொண்டிருந்தது.

ஆள் தங்கி ஆராய்ச்சி செய்ய அமெரிக்காக்காரன் மேலே விட்ட பெரிய இரும்பு வீடு அது. எங்கே விழும் என்று விட்டவனுக்கே தெரியவில்லை. எஸ்டேட் முழுக்க அதே பேச்சு.

சார் போர்டில் பூமியை வரைந்தார். கல்லை எறிந்தால் கொஞ்ச தூரம் போய் விழும். வேகமாக எறிந்தால் இன்னும் தள்ளி விழும். அசுர வேகத்தில் எறிந்தால், அது விழ விழப் பூமியும் கீழே வளைந்துகொண்டே போகும். கல் விழுந்துகொண்டேதான் இருக்கும், தரையை மட்டும் தொடாது, அதுதான் சுற்றுப்பாதை என்றார். இப்போது சூரியன் கொஞ்சம் கூடுதலாகக் கொதிக்கிறது, மேலே இருக்கிற காற்று சூடாகி உப்பிவிட்டது, அது உரசி உரசி ஸ்கைலாப்பின் வேகம் குறைந்துவிட்டது என்றார்.

"பயப்படாதீங்க. பூமியில முக்காவாசி தண்ணி. கடல்லதான் விழும்."

கிளாஸே கை தட்டியது. அக்கா அன்றைக்குக் கடலில் இருப்பாள்.

வீட்டில் நான் மூச்சு விடவில்லை. ஆனால் பக்கத்து வீட்டு கோயமுத்தூர்க்கார அக்காவின் மகளும் என் கிளாஸ்தான். சாயங்காலமே அந்த அக்கா சிரித்துக்கொண்டு வந்தார்.

"ஏனுங்க, கடல்லதான் உழுகுமாமா. நாம தப்பிச்சோமுங்க! இது தெரியாம, சாகத்தானே போறோம்னு முட்டை வெக்கிற கோழிய அடிச்சுத் தின்னுபோட்டனே!"

அம்மா அடுப்பை ஊதுவதை நிறுத்தினாள். "எந்தக் கடலு?" என்று கேட்டாள்.

அவ்வளவுதான். வரவேண்டாம் என்று தந்தி அடிக்கணும் என்றாள். தந்தி அக்காவின் எஸ்டேட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் அவர்கள் ரயிலேறியிருப்பார்கள். அந்த நாளை விட்டால் அடுத்த கப்பலுக்கு எப்போது விடுவார்களோ, யாருக்குத் தெரியும்? தேற்றலாம் என்று நான் வாயைத் திறந்தேன்.

"அது இப்ப புதுசா விழல அம்மா. எப்பவும் விழுந்துகிட்டேதான் இருக்கு. நிலாகூட அப்பிடித்தான்."

"நிலாவுமா?"

ஐயோ என்றிருந்தது. "கடல் எம்மாம் பெருசு, கப்பல் தம்மாத்துண்டு. அதும்மேல எப்பிடிம்மா விழும்?" என்று பேச்சை மாற்றினேன்.

"நம்ம தலையெழுத்துக்கு அந்தத் துண்டு மேலதான்டி விழும். வாய வச்சிக்கிட்டுச் சும்மா இரு."

கப்பல் நாளன்று கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு அம்மா கொழுந்தெடுக்கப் போனாள். ஆனி மழை, வானமே தெரியவில்லை. காற்றில் எங்காவது கிளை முறிந்தால்கூட அண்ணாந்து பார்த்தாளாம்.

மறுநாள் காலையில் டீக்கடை ரேடியோ சொல்லிவிட்டது. இந்து மகா சமுத்திரத்தில் விழுந்தது, மிச்சம் ஆஸ்திரேலியாவில். கடையில் ஒரே சிரிப்பும் கும்மாளமும். அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். "அது எந்தக் கடலு?"

எனக்குப் பொய் வரவில்லை. "நம்ம கடல்தான்மா. ஆனா ரொம்பத் தெக்க. அதுவும் ராத்திரிதான் விழுந்துச்சாம். கப்பல் பகல்லயே வந்திருக்கும்."

"நம்மள கப்பல்காரன் எம்புட்டு நேரம் காக்கப்போட்டுக் கெளப்புனான், மறந்துட்டியா?" என்று அப்படியே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு தகவலே இல்லை. அம்மா சோற்றைப் பிசைவாள், வைத்துவிடுவாள். எனக்கும் தூக்கம் பிடிக்கவில்லை. கப்பலில் வருகிறவர்களைத் தங்கவைக்கும் மண்டபம் முகாமில் இருப்பார்கள் என்று ஊரே சொல்லியும் எங்கள் இரண்டு பேருக்கும் மனசு ஆறவில்லை.

ஒரு மத்தியானம் கூடலூர் பஸ்ஸிலிருந்து தகரப் பெட்டியோடு அத்தான் இறங்கினார். பின்னால் குழந்தையோடு அக்கா. அம்மா ஓடிப்போய் இரண்டு தலைகளையும் தடவித் தடவிப் பார்த்தாள். "ஒரு தந்தி அடிக்க மாட்டியாடி பாவி!" என்று திட்டிக்கொண்டே அழுதாள். நானும் அழுதேன்.

தேத்தண்ணி குடித்து முடித்ததும் அம்மா கேட்டாள். "ஒங்கண்ணன் ஏத்திவிட வந்தானா? எளைச்சிட்டானா? கப்பல் போற வரைக்கும் நின்னானா?"

அக்கா குழந்தையை மடியில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். "வந்தான்மா. கப்பல் கெளம்பறப்பயே, அது விழப்போகுதுன்னு எல்லாரும் மேலயே பாக்க ஆரம்பிச்சிட்டாங்க. நானும் புள்ளைய முந்தானையில மூடிக்கிட்டு மேலதான் பாத்தேன். அண்ணன் ஞாபகம் வந்து திரும்புனா, கரை தூரமாயிருச்சு, ஆளே தெரியல."

அம்மா அத்தான் பக்கம் திரும்பினாள். "மாப்பிள, என்னா சட்ட போட்டிருந்தான்?"

அத்தான் அக்காவைப் பார்த்தார். அவருக்கும் தெரியவில்லை. அண்ணனை அதற்குப் பிறகு எங்களில் யாரும் பார்க்கவேயில்லை.