பூசையறை வாசலோடு நின்ற ஜெபராணி

தேனியில் வீடு வாங்குகிறவர்கள் பலர், முன்பணம் கொடுப்பதற்கு முன் ஜெபராணியைக் கூட்டிக்கொண்டு போய் வீட்டைக் காட்டிவிடுவார்கள். கட்டடத் துறையில் டிப்ளமோ படித்தவர். ஒரு காண்டிராக்டரிடம் மேற்பார்வையாளராக இருந்து, பிறகு தனியாக இந்த வேலையைத் தொடங்கினார். என் வீட்டுக்கு அடுத்த வீடு. நான் தாலுகா அலுவலக ஆவண அறையில் இருந்து ஓய்வு பெற்றவன். இங்கே எழுதுவதில் என் மகளுக்குப் பார்த்த வீடும், தேவதானப்பட்டியில் நடந்ததும் நான் நேரில் கண்டவை. மற்றவை ஜெபராணி சொன்னவை.

என் மகளுக்குப் பார்த்த வீட்டில், விற்கிறவர் காபியோடு கூடத்தில் காத்திருக்க, ஜெபராணி நேரே மொட்டைமாடிக்குப் போனார். தண்ணீர் தேங்கிய தடம் இருக்கிறதா என்று பார்த்தார். மாடிக் குளியலறையின் வடிகால் வாயைத் துணியால் அடைத்து, தரை மூழ்கத் தண்ணீர் விட்டார். அது நிற்கும் நேரத்தில் கீழே வந்து தரை ஓடுகளை ஒரு நாணயத்தால் தட்டிக்கொண்டே நடந்தார். அடியில் கலவை சேராத ஓடு பொக்கென்று சத்தம் போடும். மெயின் பெட்டியைத் திறந்து, எர்த் வயர் உண்மையிலேயே மண்ணுக்குப் போகிறதா என்று தொடர்ந்து போய்ப் பார்த்தார். பீரோவை நகர்த்தச் சொன்னார். படுக்கையறையில் ஒரு சுவர் மட்டும் புதுப் பெயிண்டில் பளபளத்தது.

"இந்தச் சுவத்துக்கு மட்டும் என்ன விசேஷம்?" என்று கேட்டார்.

விற்கிறவர் காபியைக் கீழே வைத்துவிட்டார். சற்று நேரத்தில் மாடித் தண்ணீர் அந்தச் சுவர் வழியாக இறங்கத் தொடங்கியது.

ஓர் இடத்தில் மட்டும் அவர் கால் நின்றுவிடும். பூசையறை. ஜெபராணியின் குடும்பம் கடைவீதியில் மூன்று தலைமுறையாக வியாபாரம் செய்த கிறிஸ்தவக் குடும்பம். "அவுக சாமி படத்த நகட்டிப்புட்டு நான் சுவத்தத் தட்டிக்கிட்டு நின்னா நல்லாவாண்ணே இருக்கும்?" என்பார். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நிற்பார். உள்ளே போவது சுருளிராஜன்.

சுருளிராஜன் உத்தமபாளையத்துக் கொத்தனார். காண்டிராக்டரிடம் இருந்த காலத்திலிருந்தே ஜெபராணியோடு வேலை பார்த்தவன். அவன் வீட்டுத் தீபாவளிப் பலகாரம் இவர் வீட்டுக்கு வரும். இங்கிருந்து கிறிஸ்துமஸ் கேக் போகும். பூசையறைக்குள் போய்த் தட்டிப் பார்த்து, "சுத்தமா இருக்குக்கா" என்பான். சுவர் ஈரம் குடித்திருந்தால், "மூலையில ஓதம் ஏறுதுக்கா" என்பான். கண்ணால் பார்க்காததை எழுதாத ஜெபராணி, அந்த அறைக்கு மட்டும் அவன் சொன்னதை எழுதினார்.

போன வருடம் சுருளிராஜன் தன் வீட்டையே விற்க முன்வந்தான். வாங்க வந்தவர் நாகஜோதி, ஆஸ்பத்திரியில் நர்ஸ். கணவர் குமுளிப் பாதையில் ஜீப் ஓட்டுகிறவர். வங்கிக் கடன் வாங்கித்தான் வீடு. நாகஜோதி ஜெபராணியை அழைத்தார்.

"ஆத்தா, அது நம்ம ஆள் வீடு. நான் பாக்குறது முறையில்ல. மதுரையிலருந்து வேற ஆள் வரச் சொல்லு" என்றார் ஜெபராணி.

"உங்களைத் தெரியும்னுதானக்கா வந்தேன். மதுரைக்காரர நான் எங்கன போய்த் தேட?"

ஜெபராணி போனார். மாடி, குளியலறை, மெயின் பெட்டி, எல்லாம் வழக்கம்போலப் பார்த்தார். சுருளிராஜன் சிரித்துக்கொண்டே பின்னால் வந்தான். "நம்ம வீட்டுக்குக் கூடத் தண்ணி ஊத்திப் பாக்குறாக பாருங்க" என்று நாகஜோதியிடம் கேலி பேசினான். மாடிக் குளியலறையிலும் குறை சொல்ல ஒன்றும் இல்லை. வடிகாலை அடைத்து நிறுத்திய தண்ணீர் கீழே எந்தக் கூரையிலும் கசியவில்லை. பூசையறை வந்ததும் இவர் வாசலில் நின்றார். அவன் உள்ளே போனான். தட்டும் சத்தம் கேட்டது.

"சுத்தமா இருக்குக்கா."

வீட்டைக் காலி செய்தபோது சாமி படங்களை எடுத்துக்கொண்ட சுருளிராஜன், அவை மாட்டியிருந்த பெரிய மரப் பலகையை மட்டும் சுவரோடு விட்டுவிட்டான். "விளக்கேத்துன பலகை. எடுக்க மனசு வரல, இங்கனயே இருக்கட்டும்" என்றானாம். நாகஜோதி கண்ணில் நீர் வரக் கும்பிட்டு வாங்கிக்கொண்டார்.

ஐப்பசியில் பலகை உப்பியது. நாகஜோதி சுருளிராஜனுக்குப் போன் செய்தார். "ஜெபராணி அக்கா பாத்துத்தான எழுதிக் குடுத்தாக? அவுகளக் கேளுங்க" என்று வைத்துவிட்டான்.

ஜெபராணி போனபோது பழக்கத்தில் வாசலிலேயே நின்றிருக்கிறார்.

"உள்ள வாங்க. என் வீடு இது, நான் கூப்பிடுறேன்" என்றார் நாகஜோதி. குரலில் மரியாதை இல்லை.

பலகையைக் கழற்றினார்கள். சுவர் கறுத்துக் கிடந்தது. மாடிக் குளியலறைக் கழிவுக் குழாயைச் சுவருக்குள்ளேயே இறக்கி, மேலே பூசியிருந்தான். குழாய் ஓரத்து விரிசலைப் பட்டி வைத்து அடைத்திருந்தான். பூசும் கரணையை இடப்பக்கமாகச் சுழித்து இழுக்கும் பூச்சு. அந்தக் கையை ஜெபராணிக்குத் தெரியும். பலகை மாட்டுவதற்கு முன்னாலேயே அடைத்தது அது.

சுருளிராஜன் அப்போது தேவதானப்பட்டியில் ஒரு கட்டடத்தில் வேலையாக இருந்தான். ஜெபராணியோடும் நாகஜோதியோடும் நானும் போனேன். சாரத்திலிருந்து இறங்கி வந்தவன், "வாங்கக்கா, டீ சொல்லவா?" என்றான்.

"ஏலே சுருளி, அந்த ஓதம் உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"எந்த வீட்டுலக்கா ஓதம் இல்ல? எல்லாரும் மறைச்சுத்தான விக்கிறாக."

"நான் உன் வாயத்தானய்யா நம்பி எழுதுனேன்."

"உள்ள வராதீகன்னு நானா சொன்னேன்? வந்து பாத்திருக்க வேண்டியதுதான?" பிறகு கையில் ஒட்டியிருந்த கலவையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "நீங்க வரமாட்டீகன்னு தெரியும்க்கா. அதான் அந்தச் சுவத்த மட்டும் பலகையப் போட்டு மறைச்சேன்."

மேலே சாரத்தில் நின்ற ஒருவன் சிரித்தான். நாகஜோதி ஜெபராணியின் பக்கம் திரும்பினார்.

"எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அந்த ரூமப் பாத்தீகளா, இல்லையா?"

பார்த்தேன், அப்போது சுவர் காய்ந்திருந்தது என்று சொல்லியிருந்தால் ஜெபராணியின் பேர் நின்றிருக்கும். சுருளிராஜனும் அதைத்தான் எதிர்பார்த்து நின்றான். அது அவனுக்கும் நல்லது.

"பாக்கலை" என்றார் ஜெபராணி. "இவன் சொன்னத எழுதுனேன். எங்கன வந்து சொல்லச் சொன்னாலும் சொல்றேன்."

அந்த வார்த்தையை வைத்துத்தான் நாகஜோதி உத்தமபாளையத்தில் வக்கீல் மூலம் அவன்மேல் வழக்குப் போட்டார். அது நடந்துகொண்டிருக்கிறது. ஜெபராணியைத் தேடி வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள்.

ஆனால் அவர் சும்மா இருக்கவில்லை. சுருளிராஜன் சொன்னதைக் கேட்டு, பூசையறை "சுத்தமா இருக்கு" என்று எழுதிய வீடுகளுக்கெல்லாம் திரும்பப் போனார். கெங்குவார்பட்டியில் தொடங்கினார். நடந்ததைச் சொல்லி, உள்ளே வரலாமா என்று கேட்டார். அங்கே வீட்டுக்காரர் பவுனு, "இதுக்கு ஏன் கேக்குறீக? அன்னைக்கே வந்திருக்கலாமே" என்றாராம். எந்த வீட்டிலும் ஒருவரும் தடுக்கவில்லை.

கடைசி வீட்டைப் பார்த்துவிட்டு வந்த அன்று மாலை, கேட்டருகில் நின்ற என்னிடம் ஒவ்வொரு வீடாகச் சொன்னார். நல்ல செய்திதானே என்றேன்.

"எல்லாம் காஞ்சு கெடக்குண்ணே" என்றார். "அத்தனை வீட்டுலயும் நெசத்தத்தான் சொல்லியிருக்கான். இன்னொரு வீட்டுலயாவது பொய் சொல்லியிருந்தா, பொய்க்காரப் பயன்னு தலைமுழுகியிருப்பேன்."

செருப்பைத் தன் வீட்டு வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போனார்.